கன்னத்துக்கு எத்தனையாம் நம்பர் கல்?

என் தொழிலே தேய்ப்பதுதான். மொசைக் தரை, மார்பிள், கிரானைட், எதுவாக இருந்தாலும் மிஷினைப் போட்டுத் தேய்த்து, வீட்டுக்காரர் குனிந்து பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம் என்கிற அளவுக்குக் கொண்டுவந்து விட்டுவிடுவேன். அறந்தாங்கியில் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழும்பிய பல வீடுகளின் தரையில் என் மிஷின் ஓடியிருக்கிறது. இருபத்தேழு வருடம் கல் மாவில் புரண்டதில் வேறு என்ன அறிவு வந்ததோ தெரியாது, ஒரு சந்தேகப் புத்தி மட்டும் வந்துவிட்டது. பளபளப்பாக எதைப் பார்த்தாலும், இதை எதை வைத்துத் தேய்த்தார்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

அதனால்தான் ஒருநாள் காலையில் என் மனைவியின் மூக்கு பளபளத்தபோது எனக்குக் காப்பி இறங்கவில்லை.

மூக்கு மட்டும் இல்லை. இரண்டு கன்னமும் செக்கச் செவேலென்று, சட்னிக்கு அரைத்துவிட்டுக் கழுவாத அம்மி மாதிரி இருந்தன. அவளுக்குக் கன்னங்களில் மங்கு உண்டு. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு வந்த தவிட்டு நிறப் படலம். பிள்ளைகள் படித்து வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள், மங்கு போகவில்லை. எனக்கு அது அவள் முகத்தில் இருப்பதே மறந்துபோய்ப் பல வருடம் ஆகிறது. அவளுக்கு ஒரு நாளும் மறந்ததில்லை. கல்யாண வீட்டில் போட்டோக்காரர் "எல்லாரும் நெருங்கி நில்லுங்க" என்று சொல்லும் நேரத்தில் அவளுக்குச் சரியாக அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும். எங்கள் வீட்டு ஆல்பங்களில் அவள் இருக்கிற படங்களைவிட அவள் முந்தானை இருக்கிற படங்கள்தான் அதிகம்.

அந்தச் சமயத்தில்தான் ஆலங்குடியில் அவள் படித்த பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் சேர்ந்து போனில் ஒரு குரூப் ஆரம்பித்திருந்தார்கள். பத்தாம் வகுப்பு முடித்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அதே பள்ளிக்கூடத்தில் கூடுவோம் என்று ஏற்பாடு. முதலில் போகவே மாட்டேன் என்றாள்.

"இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எங்கிட்டுப் போறது? பத்தாப்புல நாந்தான் மொத வரிசையில நின்னு போட்டோ எடுத்தேன். இப்பப் போய் நின்னா எவ அப்பத்தா வந்துருக்குன்னு கேப்பாளுக."

அப்படிச் சொன்னவள் ஒரே வாரத்தில் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டால் சிரித்தாள். அந்த குரூப்பில் ஒருவர் இருந்தார். தினமும் காலை ஐந்தரைக்கு ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் அனுப்புகிறவர். ஒரு நாள் சிவப்பு ரோஜா, மறுநாள் மஞ்சள் ரோஜா. அறுபது பேருக்கு அனுப்புகிற ரோஜா என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவள் போன் 'டிங்' என்கிறபோதெல்லாம் என் காது நிமிர்ந்தது. ஐம்பத்திரண்டு வயதில், தொப்பையும் தைராய்டு மாத்திரையுமாக, நான் ஒரு ரோஜாப்பூவைப் பார்த்துப் பயந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மேற்கொண்டு சொல்லப்போவதற்கு இது பரவாயில்லை.

சிவந்த கன்னத்தின் காரணத்தைக் குளியலறையில் கண்டுபிடித்தேன். வெள்ளை டியூப். பக்கத்து வீட்டு லாத்தா கொடுத்தது. வயதில் மூத்த முஸ்லிம் பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம், அக்கா என்று அர்த்தம். அவருடைய மகன் துபாயிலிருந்து வந்தபோது கொண்டுவந்த சாமான்களில் இது ஒன்று. டியூபில் பெரிய எழுத்து முழுக்க அரபி. அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி கொஞ்சம் இங்கிலீஷ். போன் கேமராவில் அந்த எறும்புகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாலாவது வார்த்தை, அலுமினா.

எனக்கு உட்கார வேண்டும் போல் இருந்தது. குளியலறையில் உட்கார வாளிதான் இருந்தது. கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அலுமினா எனக்குப் பழக்கமான ஆள். கிரானைட்டுக்குக் கடைசிப் பளபளப்பு ஏற்றுகிற வெள்ளைப் பவுடர் அதுதான். நாங்கள் தரையைத் தேய்க்கும் கற்களுக்கு நம்பர் உண்டு. அறுபதாம் நம்பர் முரட்டுக் கல், மேடு பள்ளத்தைச் சமமாக்கும். நூற்றிருபது அதன் கீறலை எடுக்கும். இருநூற்றிருபது, நானூறு என்று நம்பர் ஏற ஏற மணி சிறுத்துக்கொண்டே போகும். நாங்கள் பாறையின் மேல் போடுகிற ஒன்றை என் மனைவி கன்னத்தில் போடுகிறாள். அதுவும் எந்த நம்பர் என்றுகூட டியூபில் போடவில்லை!

கொஞ்சம் விரலில் பிதுக்கித் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்றது. ஆற்று மணலின் நறநறப்பு வேறு. அது தண்ணீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. இது உடைத்த கல்லின் நறநறப்பு, ஒவ்வொரு மணிக்கும் மூலை இருக்கிறது. இந்த வித்தியாசம் என் விரலுக்குத் தெரியும்.

சந்தேகம் வந்த பிறகு பரிசோதனை செய்யாமல் இருக்கக் கூடாது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் என் ஷெட்டில், வாடிக்கையாளரிடம் காட்டுவதற்காக உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு கிரானைட் துண்டு வைத்திருக்கிறேன். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பாலிஷ். புதிதாக எந்தப் பவுடர் வாங்கினாலும் அதில் ஒரு ஓரத்தில் துணியால் ஐம்பது சுற்றுத் தேய்த்துப் பார்ப்பேன். டியூபிலிருந்து ஒரு பட்டாணி அளவு எடுத்து ஐம்பது சுற்றுத் தேய்த்தேன். கழுவித் துடைத்து வெயிலில் சாய்த்துப் பிடித்தேன்.

ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மூடுபனி போட்ட மாதிரி மங்கிவிட்டிருந்தது கல்.

துண்டைக் கையோடு எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். சாட்சியோடு போகிறோம் என்று ஒரு தெம்பு. "இந்தா பாரு, கல்லே போச்சு. ஒன் கன்னம் என்னத்துக்கு ஆகும்?"

அவள் கறிவேப்பிலையை உருவிக்கொண்டே கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என் மூஞ்சிய எந்தக் கல்லோட சேத்து வச்சுப் பாத்தீங்க? கடப்பாக் கல்லா, கிரானைட்டா?"

"அதுல இருக்கது அலுமினாம்மா. நான் கல்லுக்குப் போடுறது."

"இத்தன வருசம் ஒலகத்துல இருக்க தரையெல்லாம் பளிச்சுன்னு ஆக்குனீங்க. வீட்டுல ஒருத்தி மூஞ்சி இப்படி இருக்கேன்னு ஒரு நாள் கேட்டீங்களா? நானா ஏதோ செஞ்சுக்கிட்டா மட்டும் கல்லத் தூக்கிக்கிட்டு வாரீங்க."

"நா என்ன சொல்றேன்னா..."

"ரோசாப்பூவுக்குப் பயந்துக்கிட்டுச் சொல்றீங்க. எனக்குத் தெரியாதா?"

சாட்சியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அடுத்த சில வாரங்கள் நான் ஒரு போலீஸ்காரனாக வாழ்ந்தேன். டியூபின் அடிப்பக்கத்தில், எது வரை சுருட்டியிருக்கிறாள் என்று தெரிய, பேனாவால் சிறு கோடு போட்டுவைத்தேன். ஒருநாள் பார்த்தால் குளியலறையில் டியூபையே காணோம். தூக்கிப் போட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். மூன்று நாள் கழித்து அடுப்படியில், சிங்க்குக்குப் பக்கத்தில், பாத்திரம் தேய்க்கும் நாருக்குப் பின்னால் அது ஒளிந்திருந்தது. நான் சிங்க் பக்கம் போகிறவன் இல்லை என்பதால் அங்கே ஒளித்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். சுருட்டல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு பெருமை, திருடனைப் பிடித்த மாதிரி.

அன்றைக்கே இன்னொன்றையும் பார்த்தேன். சிங்க்கை ஒட்டி, மேடையின் கறுப்புக் கல்லில், ஒரு கை அகலத்துக்குப் பாலிஷ் மங்கியிருந்தது. நானே மண்டியிட்டுத் தேய்த்த கல். எந்தக் கம்பி நாரைப் போட்டுத் தேய்க்கிறாளோ என்று கோபப்பட்டுக்கொண்டேன். ஷெட்டில் என் சாட்சிக் கல்லில் இருந்த அதே மூடுபனி என்பது என் மூளைக்கு எட்டவில்லை. மூளை டியூபில் போட்ட கோட்டோடு வேலையாக இருந்தது.

சொன்னால் கேட்க மாட்டாள், டியூபை ஒளித்தால் லாத்தாவிடம் இன்னொன்று வாங்குவாள். அதனால் சரக்கை மாற்றிவிடுவது என்று திட்டம் போட்டேன். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, சாதாரண கோல்டு க்ரீமை நிரப்பிவிடலாம். ஆனால் நறநறப்பு இல்லாவிட்டால் கண்டுபிடித்துவிடுவாளே? நறநறக்கவும் வேண்டும், கன்னத்தைக் கிழிக்கவும் கூடாது. தொழில் தெரிந்தவனுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா? மார்பிள் மாவு. கல்லிலேயே சாது அதுதான். நகத்தைவிடக் கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதான். அதைக் கலந்தால் போதும்.

என் ஷெட்டில் இரண்டு வெள்ளைப் பவுடர்கள் உண்டு. ஒன்று மார்பிள் மாவு, சந்து அடைக்க. இன்னொன்று ஆசிட் பவுடர். மொசைக் தரைக்குக் கடைசியாகத் தூவித் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் அதுதான் பளபளப்பைக் கொண்டுவரும். வெறும் கையால் தொடக் கூடாது, அரிக்கும். வாய்க்குள் போனால் விஷம். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான், ஒரே மாதிரி ஊறுகாய் பாட்டில்களில்தான் இருக்கும். எழுதி ஒட்டினால் எங்கள் வேலையில் ஈரத்தில் ஒரு வாரம் தாங்காது. அதனால் ரப்பர் பேண்டு கணக்கு. கழுத்தில் ஒன்று மாட்டியிருந்தால் மார்பிள் மாவு, இரண்டு மாட்டியிருந்தால் ஆசிட். இருபத்தேழு வருடமாக இதே கணக்கு, ஒரு நாளும் பிசகவில்லை. எனக்கு உலகத்தில் எதன் மேலும் சந்தேகம் வரும், அந்த ரப்பர் பேண்டுகளின் மேல் மட்டும் வராது.

விழாவுக்கு முந்தைய நாள், சனிக்கிழமை மதியம், அவள் ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் காரியத்தை முடித்தேன். டியூபின் அடி மடிப்பைப் பிளேடால் பிரித்து, உள்ளே இருந்ததை வழித்தெடுத்தேன். ஒரு ரப்பர் பேண்டு பாட்டிலிலிருந்து இரண்டு கரண்டி எடுத்துக் கோல்டு க்ரீமில் விரலாலேயே குழைத்து நிரப்பினேன். அவளுடைய அயர்ன் பாக்ஸைச் சூடாக்கி அடியை அழுத்தி ஒட்டினேன். கம்பெனிக்காரன் பார்த்தால் வேலை கொடுப்பான், அப்படி ஒட்டினேன். சாயந்திரம் விரல் நுனி லேசாக எரிந்தது. அயர்ன் பாக்ஸ் சுட்டிருக்கும் என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, மனைவியைக் காப்பாற்றிய திருப்தியில் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் எழுவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். திருமயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெரிய வீட்டின் மொசைக் தரை வேலை. உரிமையாளர் குடும்பம் சென்னையில். அங்கே உட்கார்ந்து, கூரையில் மாட்டிய கேமரா வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் கொஞ்சம் உட்கார்ந்தால் போன் வரும். என்னோடு வேலை செய்கிறவர் என்னைவிட எட்டு வயது சிறியவர், என்னிடம் பதினைந்து வருடமாக இருக்கிறார். காலை ஒன்பது மணி வாக்கில் கூப்பிட்டார்.

"அண்ணே, இங்கிட்டு வாங்க. ஆசிட் போட்டுத் தேய்க்கிறேன், தரை முழிக்கவே மாட்டேங்குது, பளபளப்பே வரல."

"தண்ணி பத்தலையா?"

"தண்ணியெல்லாம் பத்தும். மாவு கரைச்ச மாதிரி வெள்ளையா நிக்குது பாருங்க."

அவர் எடுத்து வந்திருந்த பாட்டிலில் இரண்டு ரப்பர் பேண்டு சரியாகத்தான் இருந்தது. ஒரு மக்கில் தண்ணீர் பிடித்து, பவுடரை ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினேன். ஆசிட்டாக இருந்தால் கரைந்து தண்ணீரோடு தண்ணீராகிவிடும். இது கரையவில்லை. சாவகாசமாக இறங்கி, மக்கின் அடியில் வெள்ளையாகப் படுத்துக்கொண்டது.

மார்பிள் மாவு.

"இதுக்கு யாரு ரெண்டு பேண்டு போட்டா?"

"நாந்தாண்ணே. வெயில்ல பழசு இத்துப்போயி ரெண்டு பாட்டில்லயும் கீழ விழுந்து கெடந்துச்சு. போன வாரம் புதுசா மாட்டி வச்சேன். ஏண்ணே, மாறிப்போச்சா?"

இதில் இரண்டு என்றால் அதில் ஒன்று. அந்த ஒன்று மாட்டிய பாட்டிலிலிருந்துதான் நேற்று இரண்டு கரண்டி.

இதற்கப்புறம் நான் செய்ததை ஒழுங்காகச் சொல்ல என்னால் முடியாது. கேமராவைப் பார்த்துக் கும்பிட்டேன் என்று கூட இருந்தவர் பிற்பாடு சொன்னார். மனைவிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். பஸ்ஸில் ஏறினால் போனைக் கைப்பைக்குள் வைத்து, அதைக் கட்டைப்பைக்குள் வைத்து, அதை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறவள். லாத்தாவுக்குப் போட்டேன்.

"அவ வெள்ளனயே கெளம்பிட்டாளேப்பா. ஆலங்குடி பஸ்ஸுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனா."

"லாத்தா, மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"யாரு மூஞ்சி?"

"அவ மூஞ்சி!"

"இதென்னப்பா கேள்வி? ஒம் பொண்டாட்டி மூஞ்சி எப்படி இருக்கும்னு என்னையக் கேக்குற. நான் ஜன்னல் வழியா முதுகத்தான் பாத்தேன்."

ஆசிட் மேலே பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். தண்ணீர், நிறையத் தண்ணீர். அப்புறம் ஆப்பசோடா. ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் பிடித்து மொபெட்டில் முன்னால் வைத்தேன். வழியில் ஒரு கடையில் ஆப்பசோடா பொட்டலம் கேட்டேன். கடைக்காரர், "ஆப்பத்துக்கு மாவு காலையிலயே கரைச்சுரணுமே" என்றார். பொட்டலம் முழுவதையும் அவர் கண் எதிரிலேயே கேனில் கொட்டிக் குலுக்கினேன். பாக்கிச் சில்லறையைத் தள்ளி நின்றே நீட்டினார்.

திருமயத்திலிருந்து புதுக்கோட்டை, புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி. அந்த ரோட்டை நான் ஆயுளில் நூறு தடவை கடந்திருப்பேன். அன்றைக்கு மட்டும் யாரோ பிடித்து இழுத்து நீட்டிவிட்டிருந்தார்கள். வழி முழுக்க என் மூளை படம் ஓட்டியது. பள்ளிக்கூட வாசலில் கூட்டம், நடுவில் அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். போட்டோவில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். முப்பது வருடத்துக்கு ஒரு ஆசை. துபாய்க்காரன் டியூப் அவளுக்குக் கன்னச் சிவப்பைக் கொடுத்தது, நான் ஆசிட்டைக் கொடுத்துவிட்டேன். தேங்காய் லாரி ஒன்றை முந்தும்போது சத்தமாக அழுதேன். ஹெல்மெட்டுக்குள் அழுதால் கண்ணாடி மூடிக்கொள்ளும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. லாரியின் பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருந்தது. எழுப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் எல்லோரும் போட்டோவுக்கு வரிசை கட்டியிருந்தார்கள், முன்வரிசை மட்டும் நாற்காலியில். ஆண்களெல்லாம் ஒரே நிறத்தில் சட்டை. பெண்களெல்லாம் ஒரே நிறத்தில் சேலை. வெயில் வேறு. எனக்கு எல்லாரும் என் மனைவி மாதிரியும் தெரிந்தது, யாருமே என் மனைவி இல்லாத மாதிரியும் தெரிந்தது. கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் சட்டை, தலை, புருவம் எல்லாம் வெள்ளை மாவு.

"மூஞ்சியக் கழுவு! மொதல்ல மூஞ்சியக் கழுவு!"

அறுபது பேரும் திரும்பினார்கள். முன்வரிசையில் இரண்டு மூன்று பெண்கள் பயந்துபோய் முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையின் நட்ட நடுவிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"ஏங்க, யாரு செத்தா?"

பக்கத்தில் போய் அவள் கன்னத்தைப் பார்த்தேன். வெந்து போயிருக்கும், தோல் உரிந்திருக்கும் என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. பவுடர்கூட இல்லை. இரண்டு பக்கமும் மங்குதான் இருந்தது, அதே இடத்தில், அதே தவிட்டு நிறத்தில். நான் மறந்தே போயிருந்த மங்கு. அதை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே கிடையாது.

"நீ அந்த டியூபு..." என்றேன். அதற்கு மேல் மூச்சு வரவில்லை.

கூட்டத்திலிருந்து வழுக்கைத் தலையோடு ஒருத்தர் ஓடிவந்து நாற்காலி போட்டார். "வாங்க மச்சான், உக்காருங்க. நாந்தான் குரூப்புல தெனம் ரோசாப்பூ அனுப்புறவன். தங்கச்சி ஒங்களப் பத்திச் சொல்லிருக்கு. மொதல்ல தண்ணியக் குடிங்க" என்று என் கேனையே திறந்து நீட்டினார்.

"குடிக்கக் கூடாது! ஆப்பசோடா!"

இதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. அலுமினா, கறுப்புக் கல், பேனாக் கோடு, அயர்ன் பாக்ஸ், ரப்பர் பேண்டு, எல்லாவற்றையும் வேப்பமரத்தடியில் அறுபது பேர் முன்னால் ஒப்பித்தேன். பேனாக் கோடு வந்தபோது பெண்கள் பக்கம் சிரிப்பு ஆரம்பித்தது. அயர்ன் பாக்ஸ் வந்தபோது ரோஜாப்பூக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த டியூப மூஞ்சில போடுறத நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு" என்றாள். "பத்து நாளு தேச்சேன். செவந்துச்சு, அப்புறம் முன்னவிடக் கருத்துச்சு. பெரியாஸ்பத்திரியில தோல் டாக்டரம்மாகிட்டப் போய்க் காட்டுனேன். மங்கு மேல ஒட்டிக்கிட்டு இருக்க அழுக்கு இல்லம்மா, உள்ள இருக்க நெறம், தேய்க்கத் தேய்க்கத்தான் கருக்கும்னுச்சு அந்தம்மா. வெயில்ல போனா கொட புடி, வெயிலுக்குன்னு ஒரு களிம்பு தாரேன், அதப் போடு, வேற ஒண்ணும் போடாதேன்னுச்சு."

"அப்ப டியூபு கொறஞ்சுச்சே?"

"சிங்க்குத் தேய்க்க வச்சுருந்தேன். கறைக்கு நல்லாக் கேக்குது."

சிங்க்கும், அதை ஒட்டின மேடையும். அந்த ஒரு கை அகல மூடுபனி. எனக்கு இப்போதுதான் எட்டியது.

"டாக்டர்கிட்டப் போனத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா அந்தம்மாவையும் கறுப்புக் கல்லுல தேச்சுப் பாத்துருப்பீங்க."

இப்போது அவளும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். "அதான் இன்னைக்கு விடிகாலையில சிங்க்கத் தேச்சப்ப வெரலெல்லாம் எரிஞ்சுச்சா?" என்றாள். சிரிப்பு எனக்கு அங்கேயே நின்றுவிட்டது. அவள் விரல் நுனிகள் நாலும் வெளுத்திருந்தன, என் விரல்களைப் போலவே. மூஞ்சிக்கென்று கொண்டுபோன தண்ணீரை அவள் கையில் ஊற்றினேன். போதும் போதும் என்றாள். கேன் காலியாகும் வரை ஊற்றினேன். அறுபது பேரும் வெயிலில் காத்திருந்தார்கள், ஒருத்தரும் முனகவில்லை.

போட்டோக்காரர் மறுபடியும் எல்லோரையும் நிறுத்தினார். மனைவி முன்வரிசையில் தன் இடத்துக்குப் போனாள். போட்டோக்காரர் நல்லவர், அருகில் போய்த் தாழ்ந்த குரலில், "அக்கா, கம்ப்யூட்டர்ல போட்டு அந்தக் கன்னத்துல இருக்கறத எடுத்துவிட்ரவா? பளிச்சுன்னு வந்துரும்" என்றார்.

"எடுத்துட்டா என்னைய யாருன்னு அடையாளம் தெரியாதுப்பா. இருக்கட்டும்" என்றாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

என்னை ஓரமாக ஒதுங்கச் சொன்னார்கள். ஒதுங்கினேன். அந்த ஓரமும் போட்டோவுக்குள்தான் இருந்தது என்று அச்சாகி வந்தபோதுதான் தெரிந்தது. அறுபது பேர் சிரித்துக்கொண்டிருக்க, வலது ஓரத்தில், மாவு பூசிய முகத்தோடு, கண்ணை உருட்டிக்கொண்டு, காலிக் கேனைப் பிடித்தபடி ஒரு ஆள் நிற்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் சிங்க்கைப் போய்ப் பார்த்தேன். போர் தண்ணீர்க் கறை பல வருடமாகப் பழுப்பாக ஒட்டி, அலுமினாவுக்கும் முழுசாகப் போகாமல் நின்ற சிங்க், புதிதாக வாங்கி வைத்த மாதிரி வெள்ளை வெளேரென்றிருந்தது. டியூபில் இருந்தது ஆசிட்தான் என்பதில் சந்தேகமே இல்லை. என் ஆயுளில் சந்தேகமே இல்லாத விஷயம் அது ஒன்றுதான். மிச்சமிருந்த டியூபைத் தகர டப்பாவில் போட்டு மூடி ஷெட்டுக்கு எடுத்துப் போனேன். மேடையின் கறுப்புக் கல்லை அடுத்த வாரம் உட்கார்ந்து கையாலேயே தேய்த்துச் சரிசெய்தேன், நானூறாம் நம்பரில் ஆரம்பித்து. அவள் டாக்டரம்மா சொன்ன களிம்பைப் பூசிக்கொண்டே பக்கத்தில் நின்று பார்த்தாள். அந்தக் களிம்பில் என்னென்ன இருக்கிறது என்று நான் படித்துப் பார்க்கவில்லை. இரண்டு தடவை கை போனது. படிக்கவில்லை.

இப்போது ஷெட்டில் ரப்பர் பேண்டு கணக்கு கிடையாது. போட்டோ வந்த அன்று சாயந்திரமே என் மனைவி கத்தரிக்கோலோடு உட்கார்ந்தாள். வலது ஓரத்து ஆளை மட்டும், கேனோடு சேர்த்து, அழகாக வெட்டி எடுத்தாள். ஆசிட் பாட்டிலில் ஒட்டி, ஈரம் படாமல் இருக்க அதன் மேல் செலோ டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றினாள். படிக்கத் தெரிந்தவர், தெரியாதவர், யாராக இருந்தாலும் அந்த உருட்டு விழியைப் பார்த்த பிறகு அந்த பாட்டிலைக் கையுறை போடாமல் தொடுவதில்லை. மிச்சப் போட்டோ கண்ணாடிச் சட்டத்துக்குள் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் வலது ஓரத்து ஓட்டையைப் பார்த்து என்ன இது என்று கேட்கிறார்கள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்கிறாள் அவள். "மொத வரிசையப் பாருங்க, நடுவுல."